ஏ.ஆர். காப்பியில் தொடங்கும் வழக்கு

புதுக்கோட்டையில் நான் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், சீனியர் அறைக்கு ஒரு பெண் மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் மருந்துக்கடைச் சீட்டுகள், எக்ஸ்ரே உறை, ரேஷன் கார்டு நகல். எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். கணவர் கொத்தனார். திருமயம் சாலையில் கார் இடித்து, தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீனியர் மற்ற எதையும் தொடவில்லை. அந்த மடித்த தாளைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அது விபத்துப் பதிவேட்டின் நகல். எங்கள் பேச்சில் ஏ.ஆர். காப்பி. 'இருசக்கர வாகனத்தில் வரும்போது சறுக்கி விழுந்ததாக' என்று அதில் எழுதியிருந்தது. கார் என்ற சொல்லே இல்லை.

"டாக்டர்கிட்ட யாரும்மா சொன்னது?"

"என் கொழுந்தன் சார். சேதி கேட்டு ஓடியாந்தவன். என்ன நடந்துச்சுன்னே அவனுக்குத் தெரியாது. கேட்டாங்க, சொல்லிட்டான்."

நடந்தது இதுதான். கார் ஹேண்டில்பாரின் நுனியில் உரசியது, அதனால் வண்டி சறுக்கியது. கொழுந்தன் சொன்னதும் பொய்யில்லை, பாதி உண்மை. அந்தப் பாதியை இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கையில் எடுத்துக்கொண்டு, "முதலில் சறுக்கி விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?" என்று கூண்டில் நின்ற மனிதரைக் கேட்டபோது அவருக்கு வாய் வரவில்லை. விபத்து நடந்த இடத்துக்கு எதிரே டீக்கடையில் கேமரா இருந்தது. நான் அங்கே போய் நின்றது இருபதாம் நாள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறியிருந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. ஆனால் மனுதாரர் மேலும் தவறு உண்டு என்று சொல்லி 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டார்கள். இருபது நாள் தாமதத்துக்கு இருபது சதவீதம் என்று சீனியர் பின்னாளில் என்னைக் கேலி செய்வார். கேலிதான், ஆனாலும் சுட்டது.

விபத்து இழப்பீட்டு வழக்கில் கோர்ட் வாதத்துக்கு இருக்கும் இடம் சின்னது. முதல் முப்பது நாளில் வார்டுக்கும் ஸ்டேஷனுக்கும் விபத்து நடந்த இடத்துக்கும் யாராவது நடந்தார்களா என்பதுதான் தொகையை முடிவு செய்கிறது. அந்த நடை ஜூனியரின் வேலை. வக்கீலாகப் பதிந்து, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அடிபட்டவர்கள் படித்தாலும் நல்லது. உங்கள் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

உள்ளே வருவதற்கு முன்

பதிவுக் கட்டணத்துக்கு ஆயிரக்கணக்கில் கடன் வாங்கிய காலம் போய்விட்டது. சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது, பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. பதிந்த பிறகு அகில இந்திய பார் தேர்வு உண்டு. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஜூனியருக்குச் சம்பளம்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகத் தர வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் புதுக்கோட்டைக்கு 15,000. எல்லா அறைகளிலும் இது நடக்கிறது என்று நான் சொன்னால் கோர்ட் வளாகமே சிரிக்கும். ஆனாலும் சேரும்போதே கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டு, மூன்றாம் மாதம் மனம் கசந்து வெளியேறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: "சார், எம்.சி.ஓ.பி. கட்டுகளை நான் பார்க்கலாமா?" மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு நம் ஊரில் இதுதான் பெயர். எங்கள் அறையில் பழைய கட்டு ஒன்றை முழுதாகப் பிரித்துப் படித்த நாளில் கற்றதை, ஒரு வருடம் வாய்தா வாங்கப் போனதில் நான் கற்கவில்லை.

அறையில் சீனியருக்கு அடுத்த ஆசான் குமாஸ்தா. எந்த ஸ்டேஷனில் எந்த ரைட்டர், எந்த ஆவணத்துக்கு எங்கே மனுப் போட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவரை "அண்ணே" என்று கூப்பிடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், வேலையும் நடக்கும்.

முதல் முப்பது நாள்

2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இழப்பீடு பற்றிய பகுதிகள் அன்று நடைமுறைக்கு வந்தன. கூடவே காவல்துறைக்குக் கெடு வைத்து மத்திய அரசின் விதிகளும் வந்தன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை போக வேண்டும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் அச்சிட்ட படிவத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஐம்பது நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக டிரிப்யூனல் (விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) எடுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஸ்டேஷனில் போய், "ஐயா, விக்டிமுக்குக் கொடுக்க வேண்டிய படிவம் கொடுத்தாச்சா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள். சண்டைக்குப் போக வேண்டாம். எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை குத்திய நகலுக்கு இருக்கும் மரியாதை உரத்த குரலுக்குக் கிடையாது.

எஃப்.ஐ.ஆரைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். எடுத்ததும் மூன்றைப் பாருங்கள்: வாகன எண், ஓட்டுநர் பெயர், பிரிவு. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்தென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள் இருக்கும், இறப்பு என்றால் 106. பழைய 279, 337, 338 என்று பழகிய கண் கொஞ்சம் தடுமாறும். வாகன எண் ஒரு இலக்கம் பிசகியிருந்தாலும் இப்போதே திருத்தக் கேளுங்கள். குற்றப்பத்திரிகை போன பிறகு திருத்துவது மலையைப் புரட்டும் வேலை. எண் சரியாக இருந்தால் எம்-பரிவாகன் செயலியில் போட்டு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

பிறகு வார்டு. நம் மாவட்டத்துக்கு 2017இல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தபின் பாதிப் பேர் இங்கேயே சேர்க்கப்படுகிறார்கள். தலைக்காயம் என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ அனுப்பிவிடுவார்கள். அப்போது ஏ.ஆர். இரண்டு இடத்தில் பதிவாகும். இரண்டையும் வாங்குங்கள். முதலாவதில் ஒரு கதை, இரண்டாவதில் வேறு கதை என்றால் அதற்கான விளக்கத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கூண்டில் முதன்முதலாகச் சொன்னால் ஜோடித்ததாகத் தெரியும். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்டியிருக்க மாட்டார்கள். பில் இல்லையே என்று கவலை வேண்டாம், டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் போதும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் கட்டுப் பிரிக்க ஆட்டோவில் போனது, பிசியோதெரபி, தூக்குக்கட்டில் வாடகை எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்த வீட்டில் கட்டாயம் இருக்கும், அந்தப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுங்கள்.

கெடு பற்றி ஒரு வார்த்தை. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது இப்போதைய சட்டம். இந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அதுவரை காலதாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்காதீர்கள். டைரியில் ஐந்தாம் மாதத்தில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

வெளியூர்க்காரரின் வழக்கு, உள்ளூர்க்காரரின் கால்

2023 டிசம்பர் 30 அதிகாலை நமணசமுத்திரத்தில் நடந்ததை நம் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிமெண்ட் ஏற்றி வந்த லாரி, சாலையோர டீக்கடை அருகே நின்றிருந்த வாகனங்கள் மீதும் பக்தர்கள் மீதும் ஏறி 5 பேர் இறந்தார்கள், பலர் காயம்பட்டார்கள். சென்னை, திருவள்ளூர்ப் பக்கமிருந்து கோயிலுக்கு வந்தவர்கள் அவர்கள். இப்படி ஒரு விபத்தில் அடிபட்டவர் வாய்தாவுக்கு வாய்தா புதுக்கோட்டைக்கு வர வேண்டுமா? வேண்டாம். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், இவற்றில் எங்கே வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு.

வழக்கு திருவள்ளூரில் நடக்கலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச், மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் இந்த ஊரில்தான் கிடைக்கும். திருச்சி-மதுரை நாற்கரச் சாலை விராலிமலை வழியாகப் போகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் வழியாகப் போகிறது, ராமேஸ்வரம் போகிற கூட்டம் பாதி நம் ஊர் வழியாகத்தான். வெளியூர் வக்கீலுக்கு ஓர் உள்ளூர்க் கால் எப்போதும் தேவை. ஆவணம் எடுத்து, ஒழுங்காக ஸ்கேன் செய்து, சொன்ன நாளில் அனுப்பும் ஜூனியர் என்று பெயர் வாங்கிவிட்டால் அதுவே ஒரு வருமானம். நேர்மையான வருமானம். நான் முதல் ஸ்கூட்டர் வாங்கியது அந்தக் காசில்தான்.

என்ன வேலை செய்தார்?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் வயிறு.

அடிபட்டவர் என்ன வேலை செய்தார், மாதம் எவ்வளவு சம்பாதித்தார், இந்தக் காயத்தோடு அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா? தொகை நிற்பது இந்த மூன்று கேள்விகளின் மேல். பேஸ்லிப் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது ஒரு மதிய வேலை. நம் மாவட்டத்தில் எத்தனை பேரிடம் பேஸ்லிப் இருக்கிறது?

"கூலி, மாதம் 20,000" என்று மனுவில் எழுதி, ஆதாரம் எதுவும் வைக்காமல் போகிற மனுக்கள் ஏராளம். நீதிபதி என்ன செய்வார்? தானே ஒரு தொகையை யூகித்துக்கொள்வார். 2011இல் ராமச்சந்திரப்பா வழக்கில், 2004இல் அடிபட்ட கூலித் தொழிலாளிக்கு மாதம் 4,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் வைத்தது. 2014இல் சையது சாதிக் வழக்கில், 2008இல் கால் இழந்த காய்கறி வியாபாரிக்கு ஆதாரம் இல்லாமலே 6,500 ரூபாய் வைத்தது. இவை நமக்குக் கைகொடுக்கும் தீர்ப்புகள்தான். ஆனால் யூகத்துக்கு விடாமல் தாளை வைப்பது எப்போதும் மேல்.

தாள் எங்கே கிடைக்கும்? ஆளைப் பொறுத்தது. கொத்தனார், சித்தாள் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைக் கேளுங்கள். வருமானத்தைக் காட்டாவிட்டாலும் தொழிலைக் காட்டும். வேலை கொடுத்த மேஸ்திரி கையால் எழுதிய கூலி நோட்டு இருந்தால், அவரையே சாட்சியாக அழைக்கலாம். கீரமங்கலம் பக்கம் பூ வியாபாரி என்றால் கமிஷன் கடைச் சீட்டுகள் வீட்டில் ஆணியில் குத்திக் கிடக்கும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்கிறவர் என்றால் இப்போதெல்லாம் பாதிக் காசு ஜிபேயில் வருகிறது, ஆறு மாத வங்கி அறிக்கையை எடுத்தால் வருமானம் தன்னால் தெரியும். மாடு வைத்திருப்பவர்களிடம் பால் சங்கத்தின் பாஸ்புக் இருக்கும். அதைப் போல நம்பகமான தாளை நான் பார்த்ததில்லை, காலையும் மாலையும் எத்தனை லிட்டர் என்று அச்சாகியிருக்கும். ஜெகதாப்பட்டினத்து மீனவருக்கு மீனவர் அடையாள அட்டை. டிராவல்ஸ் ஓட்டுநருக்கு முதலாளியின் கடிதத்தோடு டிரிப் ஷீட். சிங்கப்பூருக்கு விசா வந்து, கிளம்ப இருந்த நேரத்தில் அடிபட்டவர் என்றால் விசா நகலும் வேலை ஒப்பந்தமும்.

நூறு நாள் வேலை அட்டையை யோசித்து வையுங்கள். தொழிலாளி என்று காட்டப் போய், "நாளைக்கு இவ்வளவுதானே கூலி, அதுவும் வருடத்தில் சில நாள்தானே?" என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

இல்லத்தரசி என்றால்? 'வேலை: இல்லை' என்று மனுவில் எழுதிய ஒரு ஜூனியரை என் சீனியர் அன்று முழுக்கத் திட்டினார். வீட்டு வேலைக்கும் வருமான மதிப்பு வைத்து இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அறிவொளி இயக்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய மாவட்டம் இது. கல்குவாரிப் பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்து மிதித்துப் போனதைப் பார்த்து நாடே வியந்தது. அவர்களின் மகள்கள் இன்று டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் அடிபட்டால் 'வேலை இல்லை' என்று எழுதுவது எழுதுகிறவரின் சோம்பேறித்தனம்.

அடுத்தது மூன்றாவது கேள்வி. மருத்துவ வாரியம் தருகிற ஊனச் சதவீதம் உடம்புக்கானது. வருமான இழப்பு வேறு கணக்கு. ராஜ்குமார்-அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இடது கை போன ஒருவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடலாம். அதே இடது கை அரசு அலுவலக எழுத்தருக்குப் போனால் வேலை தங்கலாம். 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில், வலது கையை இழந்த தட்டச்சுப் பணியாளருக்கு 45 சதவீதம் என்று கீழே வைத்ததை 65 ஆக்கியது. மேசை வேலை என்றால் கையில்லாமலும் ஓட்டிவிடலாம் என்ற நினைப்புக்கு அது நல்ல பதில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 34 வயதுக் கொத்தனார். மாதம் 15,000 என்று நிரூபித்துவிட்டோம். நாற்பது வயதுக்குக் கீழ், சுயதொழில். பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. சரளா வர்மா அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் 16. ஆக 40,32,000. வேலைத்திறன் இழப்பு 30 சதவீதம் என்றால் 12,09,600 ரூபாய். சாரத்தில் ஏற முடியாத கொத்தனார் கொத்தனாரே இல்லை என்று டாக்டரையும் மேஸ்திரியையும் வைத்துக் காட்டி 60 சதவீதம் வாங்கினால் 24,19,200. வருமானத்தை நிரூபிக்காமல் விட்டு, டிரிப்யூனல் 10,000 என்று யூகித்தால், அதே 30 சதவீதத்துக்கு 8,06,400. வேலைத்திறன் இழப்பையும் காட்டாமல் விட்டால், பெருக்கு எண் முறைக்கே போகாமல், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று கணக்கு முடிந்துவிடும். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தாலும் 1,50,000தான். அதே மனிதர், அதே கால்.

மேஸ்திரியைச் சாட்சிக்குக் கூட்டிவர அரைநாள் ஆகும். அவருக்குப் போன கூலியை நீங்கள் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

யார் பணம் கட்டுவது

இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடக்கிறேன், சீனியர்கள் இதில்தான் அதிகம் பேசுவார்கள். எதிர் வண்டிக்காரருக்கு லைசென்ஸ் சரியில்லை என்றாலும், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி டிரிப்யூனல் உத்தரவிடலாம். இலகுரக லைசென்ஸோடு குட்டியானை ஓட்டியவர் விஷயத்தில் முன்பு நிறைய இழுபறி இருந்தது. 7,500 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட சரக்கு வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடித்துவிட்டது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் அடிபட்டு, அந்த வண்டிமேலேயே கேட்க வேண்டியிருந்தால் பாலிசியைப் படியுங்கள். வெறும் ஆக்ட் பாலிசி அவருக்கு உதவாது.

இடித்த வண்டி நிற்காமல் போய், எண்ணே தெரியாவிட்டால் டிரிப்யூனலுக்குப் போகாதீர்கள். இதற்கென உள்ள 2022 திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். மனு வருவாய்த்துறை வழியாகக் கலெக்டரிடம் போகும். இந்தத் திட்டம் ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியவே தெரியாது.

லாரி கிளீனர், ஓட்டுநர் வேலையில் இருக்கும்போது அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் திறந்திருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்கிறது 167ஆம் பிரிவு. தன் தவறால் கவிழ்த்த ஓட்டுநருக்கு அந்த வழியே நல்லது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள மாத்தூர், விராலிமலைத் தொழிற்சாலைக்காரர் வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால், எந்தக் கதவைத் தட்டுவது என்று சீனியரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

கமிஷன்

ஆஸ்பத்திரி வாசலில் விசிட்டிங் கார்டோடு நிற்கும் ஆட்களை நீங்கள் சந்திப்பீர்கள். "வக்கீல் தம்பி, கேஸ் தர்றேன், எனக்கு இத்தனை" என்பார்கள். வேண்டாம். ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும், வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஊரே அப்படித்தான் செய்கிறது என்பார்கள். அது உண்மையானாலும் உங்கள் சன்னத்தைக் காப்பாற்றாது. நிலையான தொகையை எழுத்தில் பேசுங்கள், ரசீது கொடுங்கள்.

கமிஷன்காரரின் அடுத்த படி வண்டியை மாற்றுவது. தானாக விழுந்த கேஸில் இன்சூரன்ஸ் உள்ள வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், லைசென்ஸ் இல்லாதவருக்குப் பதில் லைசென்ஸ் உள்ள மச்சானை ஓட்டுநராக்குவார்கள். உத்தரப் பிரதேசத்தில் இப்படிப் பொய் விபத்து வழக்குகள் அம்பலமானபோது, 2021 நவம்பரில் 28 வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. விசாரணை உச்ச நீதிமன்றத்தின் பார்வையில் நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இப்போது சொந்தப் புலனாய்வாளர்களை அனுப்புகின்றன. டீக்கடையில் நீங்கள் விசாரிப்பதற்கு முன் அவர் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்.

கையெழுத்துக்கு முன்

சமரசம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, கம்பெனியின் அதிகாரி ஒரு தொகையைச் சொல்வது. தவறை நிரூபிக்கத் தேவையில்லாத 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம். கட்சிக்காரருக்கு அது கண்ணில் பெரிதாகத் தெரியும். வாங்கிக்கொண்டால் டிரிப்யூனலில் போட்ட மனு அதோடு போய்விடும். மேலே பார்த்த கொத்தனாரின் 12 லட்சத்தை நினைவில் வைத்துப் பேசுங்கள். இன்னொன்று மக்கள் நீதிமன்றம். சின்னக் காயங்களுக்கு அது நல்ல வழி, சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது. இதைக் கையெழுத்துக்கு முன் கட்சிக்காரரிடம், அவர் வீட்டம்மாவும் இருக்கும்போது, இரண்டு தரம் சொல்லுங்கள்.

டிரிப்யூனல் தீர்ப்பில் குறை என்றால் மதுரைக் கிளைக்கு 90 நாளுக்குள் அப்பீல் போகலாம். தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அப்பீல் இல்லை. பணம் மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகட்டும். இழப்பீட்டை நேரடியாகக் கணக்கில் போட வேண்டும் என்று 2025இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்தப் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உங்கள் அறை அலமாரியில் ஒரு நாளும் இருக்கக் கூடாது.

பீஸ் கொடுக்க முடியாதவர் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், அழைத்துப் போங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் வக்கீல் தருவார்கள், வழக்குச் செலவும் அவர்களுடையது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மூன்று வருடம் தொழில் நடத்தியபின் நீங்களும் அவர்களின் வக்கீல் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.